கரையைத் தொடும் முன் சூறாவளியின் வலு ஏன் மாறுகிறது? – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

டெக்சஸிலோ ஃப்ளோரிடாவிலோ பிள்ளைகள் குடியிருக்கும் வீடுகளில் ஆகஸ்டு முதல் அக்டோபர் வரை ஒரு கவலை வந்து வந்து போகும். “நேற்று ஐந்தாம் வகை என்றார்கள், இன்று மூன்றாம் வகை என்கிறார்கள். அப்படியென்றால் பயமில்லைதானே?” இந்தக் கேள்விக்கும், இதையொட்டி வருகிற மற்றவற்றுக்கும் இங்கே பதில். முழுக்கவும் அட்லாண்டிக், மெக்சிகோ வளைகுடா, அதை ஒட்டிய கிழக்கு பசிபிக் சூறாவளிகளைப் பற்றியது. வங்கக் கடலைப் பற்றி ஒரே ஒரு கேள்வி பிற்பகுதியில் உண்டு.

சூறாவளியின் ‘வலு’ என்று எதை அளக்கிறார்கள்?

தரைமட்டத்திலிருந்து 10 மீட்டர் உயரத்தில், ஒரு நிமிடம் தொடர்ந்து வீசும் காற்றின் சராசரி வேகத்தை எடுத்துக்கொள்கிறார்கள். புயலுக்குள் எந்த இடத்தில் அது உச்சமோ, அந்த எண்தான் புயலின் வலு. மணிக்கு 119 கி.மீ. தொட்டால் முதல் வகைச் சூறாவளி, 154-இல் இரண்டாம் வகை, 178-இல் மூன்று, 209-இல் நான்கு, 252-ஐத் தொட்டால் ஐந்து. பொறியாளர் ஹெர்பர்ட் சாஃபிரும், அமெரிக்காவின் தேசிய சூறாவளி மையத்தின் இயக்குநராக இருந்த ராபர்ட் சிம்ப்சனும் சேர்ந்து உருவாக்கிய அளவுகோல் இது.

கவனியுங்கள், இது புயலின் ஏதோ ஒரு மூலையில், பெரும்பாலும் கண்ணை (புயலின் நடுவே காற்று ஓய்ந்திருக்கும் பகுதியை)ச் சுற்றிய குறுகலான வளையத்தில் மட்டும் வீசும் காற்றின் கணக்கு. புயல் எவ்வளவு பெரியது, எவ்வளவு மழை கொட்டும், கடல் எவ்வளவு ஏறும் என்பதெல்லாம் இந்த எண்ணில் இல்லை. ஒரு காலத்தில் ஒவ்வொரு வகைக்கும் நேராகக் கடல் எவ்வளவு உயரும் என்றும் அட்டவணையில் போட்டிருந்தார்கள். அது மக்களைத் தவறாக வழிநடத்துகிறது என்று 2010-இல் எடுத்துவிட்டார்கள். எடுத்து இத்தனை ஆண்டுகள் ஆகியும், தொலைக்காட்சியில் அந்த ஒற்றை எண்ணைத்தான் பெரிய எழுத்தில் போடுகிறார்கள்.

கரையை நெருங்கும்போது வலுவிழப்பதுதானே இயல்பு?

அப்படி ஒரு நம்பிக்கை மெக்சிகோ வளைகுடாவின் வடகரையில் வெகுகாலம் இருந்தது. அதற்குக் காரணமும் இருந்தது. 1995-இல் ஓப்பல், 2002-இல் லிலி, 2005-இல் கட்ரீனா, ரீட்டா என்று நடுக்கடலில் பூதமாக நின்ற புயல்கள் கரைக்கு வரும்போது இறங்கியே வந்தன. லிலியின் கதை இன்னும் வியப்பானது. மணிக்கு 230 கி.மீ. காற்றோடு நான்காம் வகையாக இருந்தது, அரை நாளுக்குள் முதல் வகையாகச் சுருண்டு லூசியானாவில் கரையேறியது.

அந்த நம்பிக்கையை 2018-இல் மைக்கேல் உடைத்தது. யுகடான் தீபகற்பத்துக்கு அருகே உருவாகி, வளைகுடாவில் வடக்கே நகர்ந்த நாட்கள் முழுக்க வலுத்துக்கொண்டே வந்து, அக்டோபர் 10 அன்று ஃப்ளோரிடாவின் மெக்சிகோ பீச் என்ற சிற்றூருக்கருகே கரையைக் கடக்கிற நிமிடத்தில் தன் உச்சத்தில் இருந்தது: மணிக்கு 260 கி.மீ. 2020-இல் லாராவும் 2021-இல் ஐடாவும் லூசியானாவுக்கு மணிக்கு 240 கி.மீ. காற்றோடு வந்தன. ஆகவே ‘இயல்பு’ என்று ஒன்றைச் சொல்ல முடியாது. கடைசி ஒரு நாளில் எந்தப் பக்கமும் போகலாம்.

வலு கூடுவதற்கு அடிப்படைக் காரணம் என்ன?

வெதுவெதுப்பான கடல். சுமார் 26.5 டிகிரி செல்சியஸுக்கு மேல் சூடான நீரிலிருந்து எழும் ஆவி மேலே போய் மேகமாகக் குளிரும்போது வெளிவிடும் வெப்பம்தான் சூறாவளிக்குத் தீனி.

ஆனால் மேற்பரப்புச் சூடு மட்டும் போதாது, அந்தச் சூடு எவ்வளவு ஆழம் வரை இருக்கிறது என்பதே கடைசி நேர வலுவைத் தீர்மானிக்கிறது. மேலே வெந்நீரும் அடியில் பச்சைத் தண்ணீருமாக இருக்கிற வாளியில் கையை விட்டுக் கலக்கினால் என்ன ஆகுமோ, அதைத்தான் சூறாவளியின் காற்று கடலில் செய்கிறது. அடியிலிருக்கும் குளிர்நீர் மேலே வந்துவிட்டால் தீனி குறைகிறது. புயல் தன் காலடியைத் தானே குளிரவைத்துக்கொள்கிறது. மெதுவாக நகரும் புயலுக்கு இந்த ஆபத்து அதிகம்.

மெக்சிகோ வளைகுடாவில் இதற்கு விதிவிலக்கான இடம் ஒன்று உண்டு. கரீபியன் கடலிலிருந்து யுகடானுக்கும் கியூபாவுக்கும் இடையே நுழைந்து, வளைகுடாவுக்குள் ஒரு சுற்றுச் சுற்றி, ஃப்ளோரிடா நீரிணை வழியே வெளியேறும் ‘லூப்’ நீரோட்டம். அதிலிருந்து சில சமயம் பெரிய சுழல்கள் பிரிந்து தனியாக மேற்கே மிதந்து போகும். இந்த நீரோட்டத்திலும் சுழல்களிலும் சூடு நூறு மீட்டர் ஆழம் வரை கூட இறங்கியிருக்கும். எவ்வளவு கலக்கினாலும் மேலே வருவது வெந்நீர்தான். ஓப்பல், கட்ரீனா, ரீட்டா மூன்றும் இதன்மேல் வந்தபோதுதான் ஊதிப் பெருத்தன. அதைத் தாண்டி வடகரைப் பக்கம் வந்ததும், சூடு ஆழமில்லாத நீரில் இளைத்தன.

கடல் சூடாகவே இருக்கிறது, ஆனாலும் புயல் தளர்கிறதே?

மேலே வீசும் காற்றைப் பார்க்க வேண்டும். சூறாவளி என்பது கடல்மட்டத்திலிருந்து 12 முதல் 15 கி.மீ. உயரம் வரை நிமிர்ந்து நிற்கும் சுழல். கீழே ஒரு திசையிலும் மேலே வேறு திசையிலும் காற்று அடித்தால் அந்தத் தூண் சாய்கிறது. மேலே சேர வேண்டிய சூடு கண்ணுக்கு மேல் சேராமல் ஒரு பக்கமாகச் சிதறுகிறது. சாய்ந்த புயலுக்குள் வறண்ட காற்று நுழைவதும் எளிது. வளைகுடாவின் வடகரைக்கு நெருங்கும் புயல்களுக்கு அமெரிக்க நிலப்பரப்பின் உலர்ந்த காற்று தயாராகக் காத்திருக்கும். செப்டம்பர் பிற்பகுதிக்குப் பிறகு மேற்கிலிருந்து வரும் மேல்நிலைக் காற்றும் சேர்ந்துகொள்ளும்.

2024-இன் மில்டன் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. அக்டோபர் 7-ஆம் தேதி ஒரே நாளில் காற்று வேகம் மணிக்கு சுமார் 150 கி.மீ. கூடி, 285 கி.மீ. வேகத்தில் ஐந்தாம் வகையாக நின்றது. ஃப்ளோரிடாவை நெருங்கியபோது மேல்காற்றின் தாக்குதலில் மூன்றாம் வகைக்கு இறங்கி, 9-ஆம் தேதி இரவு சீயஸ்டா கீ அருகே கரையைக் கடந்தது. இறங்கியது என்பதற்காக யாரும் நிம்மதியடைய முடியவில்லை. வலு இறங்கும்போதே புயலின் பரப்பு விரிந்தது. கண் மேற்குக் கரைக்கு வந்து சேரும் முன்பே மாநிலத்தின் கிழக்குப் பக்கத்தில் சுழல்காற்றுகள் (டொர்னாடோக்கள்) வரிசையாக இறங்கி உயிர்களைக் கொன்றன.

இந்த விதிக்கு ஓர் அடிக்குறிப்பும் வேண்டும்: மைக்கேல் தன் தொடக்க நாட்களில் இப்படிப்பட்ட எதிர்க்காற்றை எதிர்கொண்டபடியேதான் வலுத்தது. பாடப்புத்தகத்தைப் படிக்காத புயல்.

‘கண் சுவர் மாற்றம்’ என்று வானிலை ஆர்வலர்கள் அடிக்கடி சொல்கிறார்களே, அது என்ன?

கண்ணைச் சுற்றி வளையமாக எழுந்து நிற்கும் இடிமேகக் கூட்டம்தான் கண் சுவர். உச்சக் காற்று வீசுவது அங்கேதான். மூன்றாம் வகையைத் தாண்டிய சூறாவளிகளில், இந்தச் சுவருக்கு வெளியே உள்ள மழைப்பட்டைகள் ஒன்றுகூடி இரண்டாவது வளையம் ஒன்றை எழுப்புவதுண்டு. உள்ளே போக வேண்டிய ஈரக்காற்றை அந்த வெளிவளையம் வழியிலேயே மடக்கிக்கொள்ளும். உள்சுவர் பட்டினி கிடந்து கரையும். அப்போது உச்சக் காற்று குறையும், வகை ஒன்றோ இரண்டோ இறங்கும். பிறகு வெளிவளையம் மெல்லச் சுருங்கி, புதிய கண் சுவராகி, கடலில் சூடும் நேரமும் மிச்சமிருந்தால் புயல் மறுபடி வலுக்கும்.

எல்லாம் முடிய அரை நாள் ஆகலாம், ஒன்றிரண்டு நாளும் ஆகலாம். கரையைக் கடக்கும் நேரம் இந்தச் சுற்றின் எந்தக் கட்டத்தில் விழுகிறது என்பது ஏறக்குறைய அதிர்ஷ்டம்தான். 2023 ஆகஸ்டு 30 அன்று இடாலியா நான்காம் வகையைத் தொட்டுவிட்டு, ஃப்ளோரிடாவின் கீட்டன் பீச் அருகே கரையேறுவதற்குச் சற்று முன் இந்தச் சுற்றில் சிக்கி மூன்றாம் வகைக்கு இறங்கியது. 2022-இல் இயன் கியூபாவைத் தாண்டியதும் இந்தச் சுற்றைத் தொடங்கி, கரைக்கு வரும் முன்பே முடித்துவிட்டு, மீண்டும் வலுத்தது. செப்டம்பர் 28 அன்று காயோ கோஸ்டா தீவில் மணிக்கு 240 கி.மீ. வேகத்தில் கரையைக் கடந்தது. ஒரே மாநிலம், ஒரே கரை, ஒரே நிகழ்வு. நேரம் மட்டும் வேறு.

சுவர் மாறும்போது புயல் அகலமாகிறது. முன்பு 30 கி.மீ. சுற்றளவில் அடித்த பலத்த காற்று இப்போது அதைவிட மிகப் பரந்த கடலைத் தள்ளத் தொடங்கும். வகை இறங்கியது என்ற செய்தியோடு இந்தச் செய்தியும் சேர்ந்தே வர வேண்டும். பெரும்பாலும் வருவதில்லை.

கட்ரீனா மூன்றாம் வகையாகத்தான் கரையைக் கடந்ததாமே? பிறகு எப்படி அவ்வளவு அழிவு?

இந்தப் பக்கத்திலேயே முக்கியமான கேள்வி இதுதான். அதனால் நாள்வாரியாகப் பார்க்கலாம்.

2005 ஆகஸ்டு 25 மாலை கட்ரீனா தெற்கு ஃப்ளோரிடாவில் வெறும் முதல் வகையாகக் கரையேறியது. எவர்கிளேட்ஸ் சதுப்புநிலத்தைச் சில மணி நேரத்தில் தாண்டி, பெரிதாக இளைக்காமலே வளைகுடாவுக்குள் இறங்கியது. 27-ஆம் தேதி மூன்றாம் வகை. அன்றே கண் சுவர் மாற்றம் நடந்து, புயலின் பரப்பு ஏறக்குறைய இரட்டிப்பானது. 28-ஆம் தேதி விடிவதற்குள், லூப் நீரோட்டத்தின் சூட்டின்மேல், அரை நாளில் ஐந்தாம் வகையானது. அன்று பகல் மணிக்கு 280 கி.மீ.; மைய அழுத்தம் 902 மில்லிபார் (இது குறையக் குறையப் புயல் வலுவானது என்று பொருள்).

அதன்பின் கடைசிப் பதினெட்டு மணி நேரத்தில் உள்சுவர் சிதைந்தது, தெற்கு, மேற்குப் பக்கங்களில் வறண்ட காற்று புகுந்தது, நீரின் சூடும் ஆழம் குறைந்தது. 29-ஆம் தேதி காலை 6 மணிக்குச் சற்றுப் பின் லூசியானாவின் பியூராஸ் அருகே கரையைக் கடந்தபோது காற்று 205 கி.மீ. தான். ஆனால் அழுத்தத்தைப் பாருங்கள்: 920 மில்லிபார். மூன்றாம் வகைச் சூறாவளி ஒன்று அமெரிக்கக் கரையைக் கடந்தபோது அதுவரை இவ்வளவு குறைந்த அழுத்தம் பதிவானதில்லை. காற்று இறங்கியதே தவிர, புயலின் உடல் இளைக்கவில்லை.

முதல் நாள் ஐந்தாம் வகையாக நின்று கடலில் கிளப்பிவிட்ட அலைகள், காற்று இறங்கியது தெரிந்து திரும்பிப் போகப் போவதில்லை. மிசிசிப்பி, அலபாமா கரைக்கு வெளியே நின்ற ஒரு மிதவைக் கருவி, சுமார் 17 மீட்டர் குறிப்பிடத்தக்க அலை உயரத்தைப் பதிவு செய்தது. குறிப்பிடத்தக்க அலை உயரம் என்றால், அலைகளில் உயர்ந்த மூன்றில் ஒரு பங்கின் சராசரி; தனித்தனி அலைகள் அதைவிடவும் உயரும். மிசிசிப்பிக் கரைக்கு வெளியே கடல் வெகுதூரம் ஆழமில்லாமல் கிடக்கிறது. தள்ளப்பட்ட நீருக்குக் கீழே இறங்க வழியில்லை, நிலத்தின்மேல் ஏறத்தான் வழி. பாஸ் கிறிஸ்டியன் ஊரில் கடல் சுமார் 8.5 மீட்டர் உயர்ந்தது. 1969-இல் கமீல் ஐந்தாம் வகையாக இதே கரையில் ஏறியபோது கூட இவ்வளவு வரவில்லை. கமீலிலேயே தப்பித்தோம், இது மூன்றுதானே என்று தங்கியவர்கள் அந்தக் கரையில் பலர் இருந்தார்கள்.

நியூ ஆர்லியன்ஸ் நகரத்தில் பெரும்பகுதிக்கு முதல் அல்லது இரண்டாம் வகைக் காற்றுதான் வீசியிருக்கும் என்பது பின்னர் வந்த கணிப்பு. நகரம் மூழ்கியது காற்றால் அல்ல. கால்வாய்களின் தடுப்புச் சுவர்கள் உடைந்ததால். 17-ஆவது தெருக் கால்வாயிலும் லண்டன் அவென்யூ கால்வாயிலும் நீர் சுவரின் விளிம்பைத் தாண்டும் முன்பே சுவர்கள் சரிந்தன. அந்தக் குற்றத்தைப் புயலின் தலையில் கட்டுவது எனக்கு உடன்பாடில்லை. அது கட்டியவர்களின் கணக்கு.

அப்படியானால் வலுத்த சூறாவளி என்றால் கடலும் நிச்சயம் அதிகம் ஏறுமா?

இல்லை. 2004-இல் சார்லி நான்காம் வகை. மேற்கு ஃப்ளோரிடாவில் கரையேறும் முன் சில மணி நேரத்தில் கண் சுருங்கி, 175 கி.மீ.யிலிருந்து 240 கி.மீ.க்குத் தாவிய புயல். வீடுகளின் கூரைகளைச் சுருட்டியது. ஆனால் உருவத்தில் சிறியது, விரைந்தும் போனது. கடல் இரண்டு மீட்டர் அளவுக்குத்தான் ஏறியது. நான்கு ஆண்டுகள் கழித்து ஐக் வெறும் இரண்டாம் வகையாக டெக்சஸின் கால்வெஸ்டனுக்கு வந்தது. உருவத்தில் மிகப் பெரியது. பொலிவர் தீபகற்பத்தில் 4.5 முதல் 6 மீட்டர் வரை தண்ணீர் ஏறி, வீடுகள் இருந்த இடங்களில் நட்டுவைத்த மரத்தூண்கள் மட்டும் நின்றன.

ஒரே இரவில் வலுவடைவது எவ்வளவு தூரம் போகலாம்?

24 மணி நேரத்தில் மணிக்கு 55 கி.மீ. கூடினாலே அதை ‘அதிவேகத் தீவிரமடைதல்’ என்கிறார்கள். மெக்சிகோவின் பசிபிக் கரையில் 2023 அக்டோபரில் நடந்தது அதன் மூன்று மடங்குக்கும் மேல்.

ஓட்டிஸ் கரையைக் கடப்பதற்கு ஒரு நாள் முன்பு, சூறாவளி என்ற தகுதிகூட இல்லாத சாதாரண வெப்பமண்டலப் புயல். கணினி மாதிரிகள் அது அப்படியே கரையேறும் என்றே காட்டின. 24-ஆம் தேதி பிற்பகல் விமானம் உள்ளே போய்ப் பார்த்தபோதுதான் உண்மை தெரிந்தது. 24 மணி நேரத்தில் காற்று மணிக்கு சுமார் 185 கி.மீ. கூடி ஐந்தாம் வகையானது. நள்ளிரவுக்குச் சற்றுப் பின், 25-ஆம் தேதி தொடங்கியதும், அகாபுல்கோ நகரத்தருகே மணிக்கு 260 கி.மீ. காற்றோடு கரையைக் கடந்தது. காலையில் குடையோடு வேலைக்குப் போன நகரம், ஆயத்தம் செய்யச் சில மணி நேரமே கிடைத்து, அதுவும் இருட்டில். 50-க்கும் மேற்பட்டோர் இறந்தனர்.

அமெரிக்க வளைகுடாக் கரையில் இதன் இளைய வடிவம் 1995-இல் ஓப்பல். அக்டோபர் 3 இரவு மக்கள் தூங்கப் போகும்போது ஒரு புயல், 4-ஆம் தேதி விடிந்தபோது 240 கி.மீ. காற்றோடு வேறொரு புயல். எல்லோரும் ஒரே நேரத்தில் காரை எடுக்க, நெடுஞ்சாலைகள் அடைத்துக்கொண்டன. நல்லவேளையாக மாலையில் கரையைக் கடக்கும் முன் அது 185 கி.மீ.க்கு இறங்கியது. இறங்காமல் இருந்திருந்தால் சாலையில் நின்ற கார்களின் கதி என்ன என்று வானிலையாளர்கள் இன்றும் பேசுவார்கள்.

எதிர்ப்பக்கத்தில் பாட்ரிசியா, 2015: பசிபிக்கில் 345 கி.மீ. காற்று, 872 மில்லிபார் என்ற அசாத்திய உச்சத்தைத் தொட்டுவிட்டு, அதே நாள் மாலை மெக்சிகோவின் ஹலிஸ்கோ கரையில் 240 கி.மீ.க்கு இறங்கிக் கடந்தது. சில மணி நேரத்தில் நூறு கி.மீ. வித்தியாசம்.

பாதையைச் சரியாகச் சொல்கிறவர்களால் வலுவைச் சொல்ல முடியாதது ஏன்?

புயல் எந்தப் பக்கம் போகும் என்பதைச் சுற்றியுள்ள ஆயிரக்கணக்கான கி.மீ. பரப்பின் காற்று முடிவுசெய்கிறது. அது பெரிய படம். செயற்கைக்கோள்களும் கணினி மாதிரிகளும் அதை நன்றாகப் பிடிக்கின்றன. வலுவை முடிவுசெய்வதோ கண்ணைச் சுற்றிய சில பத்து கி.மீ.க்குள் நடக்கும் சண்டை. இடிமேகம் ஒன்று கண்ணின் எந்தப் பக்கம் வெடித்தது, காலடி நீரின் ஐம்பதாவது மீட்டரில் என்ன சூடு என்பதெல்லாம் அதில் சேர்ந்தவை. 1990-களிலிருந்து பாதைப் பிழை வேகமாகக் குறைந்துகொண்டே வர, வலுவின் பிழை 2010 வாக்கில்தான் அசையத் தொடங்கியது.

2004, 2005 ஆண்டுகளின் அடிக்குப் பிறகு, 2009-இல் அமெரிக்கக் கடல், வளிமண்டல நிர்வாகம் வலுக் கணிப்புக்கென்றே தனித் திட்டம் தொடங்கியது. அதன் விளைவான புதிய சூறாவளி மாதிரி 2023-இல் பயன்பாட்டுக்கு வந்தது. மில்டன் அதிவேகமாக வலுக்கும் என்று முன்கூட்டியே எச்சரிக்க முடிந்தது. அதற்கு ஓராண்டு முன் ஓட்டிஸில் முடியவில்லை. முன்னேற்றம் உண்மை, ஆனால் எல்லாப் புயலிலும் கைகொடுக்கும் என்று நம்ப இன்னும் நேரம் வரவில்லை.

விமானம் புயலுக்குள் போகிறது என்கிறார்களே, எதற்கு?

செயற்கைக்கோள் மேகத்தின் வடிவத்தைப் பார்த்து வலுவை ஊகிக்கிறது. ஊகம் ஒரு வகை மேலேயோ கீழேயோ தவறலாம். விமானம் கண்ணைக் கடந்து போய், காகிதச் சுருள் அளவுள்ள கருவிகளைப் பாராசூட்டில் இறக்கி, கடல்மட்டம் வரை காற்றையும் அழுத்தத்தையும் ஈரத்தையும் அளந்து அனுப்புகிறது. மிசிசிப்பியின் பிலாக்சியில் உள்ள கீஸ்லர் தளத்திலிருந்து அமெரிக்க விமானப்படையின் 53-ஆவது வானிலை உளவு அணி பறக்கிறது. கடல், வளிமண்டல நிர்வாகத்துக்குத் தனியாக ஓரியன் விமானங்கள் இரண்டு. அவற்றின் செல்லப்பெயர்கள் கெர்மிட், மிஸ் பிக்கி. 1943-இல் ஜோசப் டக்வொர்த் என்ற விமானப்படை அதிகாரி கால்வெஸ்டன் அருகே வந்த சூறாவளிக்குள் ஒற்றை எஞ்சின் பயிற்சி விமானத்தை ஓட்டிச்சென்றதில் தொடங்கிய வழக்கம் இது.

கிழக்கு பசிபிக்கில் இந்தப் பறப்புகள் மிகக் குறைவு. ஓட்டிஸ் அவ்வளவு நேரம் மறைந்திருக்க முடிந்ததில் அதற்கும் பங்குண்டு.

மைக்கேல் வந்தபோது நான்காம் வகை என்றார்கள். இப்போது ஐந்து என்று படிக்கிறேன். எது சரி?

இரண்டும் அந்தந்த நேரத்தில் சரி. கரையைக் கடந்த அன்று 250 கி.மீ. என்று அறிவித்தார்கள். பிறகு விமானம், ராடார், தரைக் கருவிகள் தந்த அளவுகளையெல்லாம் பொறுமையாக அலசி, 2019 ஏப்ரலில் 260 என்று திருத்தினார்கள். பத்து கி.மீ. வித்தியாசம், ஆனால் கோட்டைத் தாண்டிவிட்டதால் வகை மாறியது. 1992-இல் மயாமிக்குத் தெற்கே வந்த ஆண்ட்ரூவுக்கும் இப்படித்தான். அதற்குப் பத்து ஆண்டுகள் ஆனது. வகை என்பதை எவ்வளவு இறுக்கமாகப் பிடிக்கலாம் என்பதற்கு இவ்விரண்டும் போதும்.

நிலத்தின்மேல் ஏறியதும் வலு உடனே விழுந்துவிடுமா?

மலை என்றால் விரைவில் விழும். கியூபாவின், ஹிஸ்பானியோலாவின் மலைகள் பல சூறாவளிகளின் முதுகை உடைத்திருக்கின்றன. சதுப்பு என்றால் அவ்வளவு சீக்கிரம் விழாது. ஐடா லூசியானாவின் தென்கோடிச் சதுப்பில் ஏறிய பிறகும் பல மணி நேரம் பெரும் சூறாவளியாகவே, அதாவது மூன்றாம் வகைக்குக் குறையாமல், நின்றது. காலடியில் இருந்தது பாதி நிலம், பாதி வெந்நீர்.

வலு குறைந்த புயல் என்றால் மழையும் குறையுமா?

மழைக்கும் வகைக்கும் சம்பந்தம் மிகக் குறைவு; புயல் எவ்வளவு மெதுவாக நகர்கிறது என்பதே கணக்கு. 2018-இல் ஃப்ளோரன்ஸ் நான்காம் வகையிலிருந்து முதல் வகைக்கு இறங்கி வட கரோலினாவில் கரையேறியது, பிறகு நடந்துபோகிற வேகத்தில் ஊர்ந்தது. எலிசபெத்டவுனில் 90 செ.மீ.க்கு மேல் மழை. 2017-இல் ஹார்வி டெக்சஸில் நான்காம் வகையாக ஏறியது உண்மை, ஆனால் ஹூஸ்டனை மூழ்கடித்தது அது வெறும் வெப்பமண்டலப் புயலாக இறங்கிய பின்பு பெய்த மழை. நெடர்லாந்து ஊரில் பதிவானது 150 செ.மீ.க்கு மேல்.

புவி சூடாவதால் இது இன்னும் மோசமாகுமா?

கடந்த நாற்பது ஆண்டுகளில் மூன்று முதல் ஐந்தாம் வகைப் புயல்களின் விகிதம் உலக அளவில் கூடியிருக்க வாய்ப்பு அதிகம் என்பது ஐ.நா. பருவநிலைக் குழுவின் 2021 அறிக்கை சொல்வது. சூடான கடல் தீனியைக் கூட்டுகிறது என்பதால் கரையோர அதிவேகத் தீவிரமும் கூடும் என்ற எதிர்பார்ப்பு இயல்பானது. ஆனால் குறிப்பிட்ட ஒரு புயலைக் காட்டி “இது அதனால்தான்” என்று அடித்துச் சொல்பவர்களிடம் கொஞ்சம் எட்டியே இருங்கள்.

வங்கக் கடல் புயல்களும் இப்படித்தானா?

இயற்பியல் ஒன்றே. 2017 நவம்பரில் ஒக்கி தாழ்வு மண்டலமாக இருந்து ஒரு நாளுக்குள் புயலாகி, ஆழ்கடலுக்குப் போயிருந்த குமரி மீனவர்களைச் சிக்கவைத்தது. 2013 டிசம்பரில் மடி மிகத் தீவிரப் புயலாக நின்றுவிட்டு, கடலிலேயே தேய்ந்து, வேதாரண்யத்தில் வெறும் தாழ்வு மண்டலமாகக் கரையைக் கடந்தது. எண்களை மட்டும் நேராக ஒப்பிடாதீர்கள். இந்திய வானிலைத் துறை மூன்று நிமிடச் சராசரியை எடுக்கிறது, அமெரிக்கர்கள் ஒரு நிமிடச் சராசரியை. ஒரே காற்றுக்கு அவர்கள் எண் சற்றுக் கூடுதலாகவே வரும்.

எங்கள் பிள்ளைகள் அங்கே இருக்கிறார்கள். ஊரிலிருந்து நாங்கள் எதைப் பார்க்க வேண்டும்?

மயாமியில் உள்ள தேசிய சூறாவளி மையத்தின் அறிவிப்பை நேரடியாகப் பாருங்கள். முழு அறிவிப்பு ஆறு மணி நேரத்துக்கு ஒரு முறை. இந்திய நேரப்படி காலை 8:30, மதியம் 2:30, இரவு 8:30, நள்ளிரவு கடந்து 2:30. கரைக்கு எச்சரிக்கை போட்ட பிறகு இடையிடையே மூன்று மணி நேரத்துக்கொரு முறை வருவது புயல் இப்போது எங்கே, எப்படி என்று மட்டும் சொல்லும். அதில் புதிய கணிப்பு இருக்காது. காற்று தொடங்குவதற்கு சுமார் 48 மணி நேரம் முன்பு கண்காணிப்பு அறிவிப்பும், 36 மணி நேரம் முன்பு எச்சரிக்கையும் தருவது வழக்கம். கடல் ஏறும் ஆபத்துக்கு 2017 முதல் தனி எச்சரிக்கை உண்டு.

பிள்ளைகளிடம் “எந்த வகை?” என்று கேட்பதைவிட “உங்கள் வீடு எந்த வெளியேற்ற மண்டலம்?” என்று கேளுங்கள். ஃப்ளோரிடாவில் ஏ, பி, சி என்று வரும் அந்த எழுத்துகள் கடல் எவ்வளவு உயர்ந்தால் அந்தத் தெருவுக்குத் தண்ணீர் வரும் என்ற கணக்கில் போடப்பட்டவை. மண்டலத்துக்கு உத்தரவு வந்துவிட்டால், புயல் இரவோடு இரவாக இரண்டு வகை இறங்கினாலும் கிளம்பத்தான் வேண்டும். வராவிட்டால், வீடும் உறுதியாக இருந்தால், ஹூஸ்டன் போன்ற நெரிசலான நகரத்தில் சாலையில் மாட்டிக்கொள்வதைவிட வீட்டிலேயே இருப்பது நல்லது. 2005-இல் ரீட்டாவுக்குப் பயந்து ஹூஸ்டனிலிருந்து லட்சக்கணக்கானோர் ஒரே நேரத்தில் கிளம்பி, கொளுத்தும் வெயிலில் நாள் கணக்காகச் சாலையில் நின்றார்கள். வெப்பத்திலும் விபத்திலும் பலர் இறந்தனர். புயலோ கிழக்கே விலகி, மூன்றாம் வகையாக லூசியானா எல்லையில் கரையேறியது.

வரைபடத்தில் வரும் கூம்பு?

புயலின் மையம் எந்தப் பாதையில் போகலாம் என்பதை மட்டும் காட்டுவது. முந்தைய ஐந்து ஆண்டுகளின் கணிப்புப் பிழையை வைத்துப் போடுகிறார்கள். மூன்று முறையில் இரண்டு முறை மையம் அதற்குள் இருக்கும். புயலின் அகலமோ வலுவோ அதில் இல்லை. பிள்ளையின் வீடு கூம்புக்கு வெளியே இருந்தாலும், எச்சரிக்கைப் பட்டியலில் அந்த மாவட்டத்தின் பெயர் இருக்கிறதா என்று பாருங்கள்.